பிட்காயினுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா?

ரூபாய்க்கும்தான் பின்னால் தங்கம் இல்லை, அப்புறம் இணையத்தில் மட்டும் புழங்கும் டிஜிட்டல் நாணயமான பிட்காயினை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டு உறுதி தந்திருப்பார். அதைவிட முக்கியம், வரியை ரூபாயில்தான் கட்ட வேண்டும், அதனால் அது எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

பிட்காயினுக்கு அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லை. 2.1 கோடி காயின்களுக்கு மேல் உருவாகாது என்ற விதி இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது, அந்த அளவில் மதிப்பு உண்டு. பணமாகுமா என்றால், சந்தேகம்தான். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடார் 2021-இல் அதைச் சட்டப்பூர்வ பணமாக்கியது, 2025-இல் கடைக்காரர்கள் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது. விலையும் நிலையாக இல்லை: 2021 நவம்பரில் 65,000 டாலரைத் தாண்டிய ஒரு பிட்காயினின் விலை ஓராண்டில் 17,000-க்கும் கீழே போனது. அதில் சம்பளம் வாங்கி வீட்டு வாடகை கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.