நுவார் படங்களுக்கு எந்த டிஸ்க்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1940, 50களின் இருண்ட கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களான நுவார் படங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 50 படங்கள் கொண்ட மலிவு டிவிடி தொகுப்பு ஒன்றை வாங்கினேன். அதில் ‘டீடூர்’ ஒரே சாம்பல் மயம். இருட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி அதே படத்துக்கு கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரேயை வரவழைத்தேன். என் பிளேயர் அதை ஏற்கவில்லை. நண்பர் வீட்டில் போட்டோம். படம் தெளிவுதான், ஆனால் திரை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் அலைகின்றன. கறுப்பும் முழுக் கறுப்பாக இல்லை. யூடியூபில் இதைவிடச் சுத்தமாக இருக்கிறதே என்கிறார் நண்பர். பழைய படம் என்றால் இவ்வளவுதானா? அடுத்து ‘தி தேர்ட் மேன்’, ‘டச் ஆஃப் ஈவில்’ வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

க., திருச்சி

அன்புள்ள க.,

பழைய படம் இவ்வளவுதான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நுவார் ஒளிப்பதிவாளர்கள் இருட்டை அடுக்கடுக்காக வைத்தவர்கள். அந்த அடுக்குகள் கரைந்துபோன பிரதியைத்தான் முதலில் பார்த்திருக்கிறீர்கள்.

‘டீடூர்’ 1945இல் பிஆர்சி என்ற சிறிய நிறுவனத்துக்காக எட்கர் உல்மர் எடுத்த படம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் படத்துக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் கையில் பிரின்ட் இருந்தவரெல்லாம் விற்றார்கள். டிவிக்காகப் போட்ட 16 எம்எம் பிரின்ட், அதிலிருந்து வீடியோ டேப், அதிலிருந்து டிவிடி என்று மலிவுப் பிரதிகள் இறங்கி வந்தன. நகலுக்கு நகல் எடுக்க எடுக்க நிழலில் இருக்கும் விவரம் கறுப்பில் மூழ்கும், முகத்தின் வெளிச்சம் வெளிறும். மூழ்கியதை ஒளியைக் கூட்டி மீட்க முடியாது, கறுப்புதான் சாம்பலாகும். போதாததற்கு ஒரே டிஸ்க்கில் நான்கைந்து படங்களை அடைப்பார்கள். நியூயார்க் தெருவில் காதலர்கள் நடந்துவரும் பனிமூட்டக் காட்சியைப் பாருங்கள். செட் போடக் காசில்லாமல் உல்மர் புகையை நிரப்பி எடுத்த இடம் அது. மெல்ல மாறும் சாம்பல் நிறங்களுக்குத்தான் நிறைய டேட்டா வேண்டும். அது இல்லாததால் பனி கட்டம் கட்டமாக உடைகிறது.

உங்கள் கிரைட்டீரியன் டிஸ்க்குக்கு மூலம் 2018இல் அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் 4கே என்ற மிக நுண்ணிய அளவில் ஸ்கேன் செய்து சீராக்கிய மீட்பு. பெல்ஜிய ஆவணக் காப்பகத்தில் நல்ல பிரின்ட் ஒன்று கிடைத்தது. ஆனால் பிரெஞ்சு, ஃப்ளெமிஷ் சப்டைட்டில்கள் படத்தின் மேலேயே பதிந்திருந்தன. அவற்றை டிஜிட்டலில் அழித்து, வேறு பிரதிகளைக் கொண்டு இட்டு நிரப்பியிருக்கிறார்கள். சாலையோர உணவகத்தில் கதாநாயகன் டாம் நீல் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் வெளிச்சம் இறங்கி கண்களின் மேல் மட்டும் ஒரு பட்டை நிற்குமே, அந்த ஷாட்டை இரண்டு டிஸ்க்கிலும் நிறுத்திப் பாருங்கள். பட்டைக்கு வெளியே முகம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அலையும் புள்ளிகளுக்கு வருகிறேன். அது கிரெயின். ஃபிலிமில் உள்ள வெள்ளித் துகள்கள்தான் பிம்பமே. அவற்றைத் துடைத்தால் பிம்பமும் சேர்ந்து போகும். சில நிறுவனங்கள் நாய்ஸ் ரிடக்ஷன் என்ற புள்ளி நீக்கும் மென்பொருளைப் போட்டுத் துடைத்து வெளியிடுகிறார்கள். முகம் மெழுகு பொம்மை போல ஆகிவிடும், கோட்டுத் துணியின் நெசவு, சிகரெட் புகை, மழைக்கோடு எல்லாம் போய்விடும். யூடியூபிலோ குறைந்த பிட்ரேட்டே (விநாடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நண்பர் சொல்லும் ‘சுத்தம்’ அதுதான்.

ஆனால் கிரெயின் கண்ணை உறுத்துகிற அளவுக்கு இருந்தால் டிவியைச் சந்தேகப்படுங்கள். படத்தை டிவி தன் பங்குக்கு மாற்றாமல் காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஷார்ப்னஸைக் குறையுங்கள்: பல டிவிகளில் 0தான் இயல்பு நிலை, சோனியில் 50. மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 0 முதல் 255 வரையுள்ள ஒளி அளவில், வீடியோவின் கறுப்பு 16, வெள்ளை 235. பிளேயர் அந்த அளவில் அனுப்ப, டிவி 0–255ஐ எதிர்பார்த்தால் கறுப்பு வெளுக்கும்; தலைகீழானால் நிழல்கள் அடைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ‘டீடூர்’, ‘தி தேர்ட் மேன்’ போன்ற படங்களின் சட்டகம் 1.37 (அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு), ப்ளூ-ரேயில் சுமார் 1480 பிக்சல் அகலம் படம், இரு பக்கமும் சுமார் 220 பிக்சல் கறுப்புப் பட்டை. பட்டையும் சேர்ந்து சாம்பலாக இருந்தால் எச்டிஎம்ஐ ரேஞ்ச் செட்டிங்கைப் பிளேயரிலும் டிவியிலும் ‘லிமிடெட்’ ஆக்குங்கள். பட்டை கறுப்பாகவும் படம் மட்டும் சாம்பலாகவும் இருந்தால் கோளாறு டிஸ்க்கில்தான். எல்சிடி டிவியில் லேசாக ஒளி கசிவதை இதில் சேர்க்க வேண்டாம். திரை நிரம்பட்டும் என்று படத்தை இழுத்தும் பார்க்காதீர்கள்.

உங்கள் பிளேயர் டிஸ்க்கை ஏற்காதது ரீஜன் பிரச்சினை, அதாவது ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி போட்ட பூட்டு. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, நாம் சி. ரிமோட்டில் எண் அழுத்தி டிவிடி பூட்டைத் திறந்தாலும் ப்ளூ-ரே பூட்டு பெரும்பாலும் திறக்காது. மல்டி ரீஜன் பிளேயர்தான் வேண்டும். 4கே யுஎச்டி டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம்.

‘தி தேர்ட் மேன்’ வாங்கும்போது உறையில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 104 நிமிடம் என்றால் பிரிட்டிஷ் முழு வடிவம். 93 என்றால் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் அமெரிக்காவுக்காக வெட்டியது. 100 என்றால் அநேகமாக ‘பால்’ (PAL) என்ற டிவி முறைக்காகப் போட்ட டிவிடி: விநாடிக்கு 24 ஃப்ரேமை 25ஆக ஓட்டுவதால் நேரம் சுருங்குகிறது. ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் படத்துக்கு இசையமைத்த ஆன்டன் கராஸின் ஸிதர் என்ற தந்திக் கருவி, ஓர் அரைச்சுரத்தில் சுமார் முக்கால் பங்கு மேலேறி ஒலிக்கும். இசை கேட்டுப் பழகியவருக்கு இது சட்டென்று தெரியும். ஸ்டூடியோகேனல் நிறுவனம் 2015இல் செய்த 4கே மீட்பின் வழி வந்த டிஸ்க்கை வாங்குங்கள். அசல் நெகடிவ் இன்று இல்லை. அதிலிருந்து நேராக எடுத்த ஃபைன் கிரெயின் பாசிட்டிவைத்தான் (நுண்துகள் ஃபிலிமில் எடுத்த முதல் நகல்) ஸ்கேன் செய்தார்கள். உறையில் ‘4கே’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, எதை ஸ்கேன் செய்தார்கள் என்று கேளுங்கள். டிஸ்க்கின் சிறுபுத்தகத்திலோ படத்தின் தொடக்கத்திலோ எழுதியிருப்பார்கள். ஒன்றுமே எழுதவில்லை என்றால் வாங்காதீர்கள்.

காப்புரிமை போன மற்ற படங்களில் ‘ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்’, ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’ இரண்டுக்கும் கினோ நிறுவனத்தின் வெளியீட்டை எடுங்கள். ‘டூ லேட் ஃபார் டியர்ஸ்’, ‘வுமன் ஆன் தி ரன்’ இரண்டையும் ஃப்ளிக்கர் ஆலி நிறுவனம் 2016இல் வெளியிட்டது. ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷன் உழைப்பில் மீண்ட படங்கள். ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ வார்னர் நிறுவனத்தின் ‘வார்னர் ஆர்க்கைவ்’ டிஸ்க் வரிசையில் கிடைக்கும்.

‘டச் ஆஃப் ஈவில்’ படத்துக்கு 4கே பிளேயர் இருந்தால் கினோவின் 2022 வெளியீடு. 96, 109, 111 நிமிடம் என மூன்று வடிவங்களும் அதில் உண்டு. இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் ஸ்டூடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் தொகுத்தது 111 நிமிட வடிவம். முதலில் அதைப் பாருங்கள். தொடக்கத்தின் நீண்ட ஷாட்டின் மேல் பெயர்கள் ஓடாது. பிறகு 96 நிமிட வடிவத்தின் முதல் மூன்றரை நிமிடத்தைப் போட்டால், ஸ்டூடியோ என்ன செய்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.