குளிர்காலத்தில் டெல்லி செல்லும்போது சிபாப் ஈரப்பதமூட்டியை எப்படி மாற்றுவது?

சிபாப் என்பது தூக்கத்தில் மூச்சு தடைபடாமலிருக்க முகக்கவசம் வழியே காற்றை அழுத்தத்துடன் அனுப்பும் கருவி. சென்னையில் 3-ஆம் நிலையில் இயங்கும் அதன் ஈரப்பதமூட்டியை ஜனவரி டெல்லியில் எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூடுபனி சூழ்ந்திருந்தாலும் குளிர்ந்த காற்றில் உள்ள நீராவி குறைவுதான். அறையில் ஹீட்டர் போட்டதும் அதே காற்று சூடாகி வறண்டுவிடும். ஆகவே மூக்கும் தொண்டையும் காய்ந்தால், இரவுக்கு ஒரு நிலை வீதம் கூட்டிப் பாருங்கள்.

ஹீட்டர் இல்லாத அறையில் சிக்கல் வேறு: கருவியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த குழாயின் உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படிந்து, நள்ளிரவில் களகளவென்று முகக்கவசத்துக்குள் வந்து மூக்கை நனைக்கும். அப்போது உடனே நிலையைக் குறைப்பதைவிட, குழாய்க்குத் துணியுறை போட்டு, தேங்கும் நீர் தொட்டிக்கே திரும்பும்படி கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைப்பதே மேல் என்பேன். சூடேறும் குழாய் இருந்தால் இத்தொல்லை பெரும்பாலும் இராது. காற்றழுத்த அளவை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.