கேள்வி பதில்: விஸ்கிக்கு எந்த பிட்டர்ஸ், எத்தனை டாஷ்?

போன மாசம் ஓல்ட் ஃபேஷன்ட்ங்கிற விஸ்கி காக்டெயில் செய்முறை குடுத்ததுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி பிட்டர்ஸ் பத்தித்தான். விஸ்கி பத்தி கேட்டவங்களை விட அதிகம். பிட்டர்ஸ்னா வேர், பட்டை, மசாலா எல்லாம் ஆல்கஹால்ல ஊற வச்சு எடுத்த கசப்புச் சாறு, பாட்டிலை ஒரு உதறு உதறி 'டாஷ்' கணக்குல விடுறது. எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா பார் கவுன்ட்டருக்குப் பின்னாடி நின்ன இத்தனை வருஷத்துல நான் அதிகமா விளக்கம் சொன்ன பாட்டில் அதுதான். இந்த மாசம் முழுக்க அதுக்கே வச்சுக்கலாம்.

அண்ணே, நீங்க குடுத்த அளவுல "2 டாஷ் பிட்டர்ஸ்"னு இருந்துச்சு. என்கிட்ட இல்ல. பர்பன் (அமெரிக்க விஸ்கி), சர்க்கரை, ஆரஞ்சு தோல் மட்டும் போட்டு குடிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ரெண்டு டாஷுக்காக ஒரு பாட்டில் வாங்கணுமா? – வாசகர், கோயம்புத்தூர்

வாங்குங்க தம்பி. ஆனா நான் சொல்றேன்னு வாங்க வேணாம், யார்கிட்டயாவது இருந்தா கொஞ்சம் வாங்கிட்டு வந்து இதை ஒரு தடவை செஞ்சு பாருங்க. ஒரே மாதிரி ரெண்டு கிளாஸ் எடுங்க, ரெண்டுலயும் 30 மி.லி. பர்பன், அரை டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, ஒரே அளவு ஐஸ். ஒண்ணுல மட்டும் ஒரு டாஷ் அங்கோஸ்டுரா. ரெண்டையும் ஒரு இருபது செகண்ட் ஸ்பூனால சுத்தி விட்டுட்டு முதல்ல பிட்டர்ஸ் போடாததைக் குடிங்க. நாக்குல முதல்ல இனிப்பு வரும், அது போனதும் தொண்டையில சுருக்குன்னு சாராயக் காரம், அப்புறமா தனியா மரப்பீப்பாய் வாசம், வெனிலா வாசம். மூணும் மூணு ஆளுங்க மாதிரி தனித்தனியா வந்து நிக்கும். இப்ப அடுத்த கிளாஸ். இனிப்பு அதே அளவுதான், ஆனா திகட்டாது, கிராம்பு பட்டை மாதிரி ஒரு வாசம் நடுவுல வந்து அந்த வெனிலாவையும் இனிப்பையும் கை கோத்து விட்டுடும், கசப்புன்னு தனியா ஒண்ணு தெரியவே தெரியாது. சாம்பார்ல பெருங்காயம் போட்டா பெருங்காயம் தெரியுறதில்ல, போடலைன்னா மட்டும் ஏதோ குறையுதுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும் இல்லையா, அதே கணக்குத்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். காக்டெயில்ங்கிற வார்த்தைக்கே ஆரம்பத்துல அர்த்தம் இதுதான். 1806-ல நியூயார்க் மாநிலத்துல ஹட்சன்ங்கிற ஊர்ல வந்த ஒரு பத்திரிகையில வாசகர் ஒருத்தர் காக்டெயில்னா என்னன்னு கேட்க, ஆசிரியர் மே 13 தேதியிட்ட இதழ்ல பதில் சொன்னார்: ஏதாவது ஒரு மதுபானம், சர்க்கரை, தண்ணி, பிட்டர்ஸ். நாலே நாலு. பிட்டர்ஸ் இல்லாம இருந்தா அதுக்கு ஸ்லிங்னு வேற பேரே இருந்துச்சு. பின்னாடி பார்காரங்க அதுல லிக்யூர்ங்கிற இனிப்பு மதுவகை, அது இதுன்னு சேர்த்துக்கிட்டே போனதால, "எனக்கு பழைய மாதிரி போடுங்க"ன்னு கேட்டவங்களாலதான் ஓல்ட் ஃபேஷன்ட்ங்கிற பேரே வந்துச்சு. அதனால பிட்டர்ஸ் இல்லாம நீங்க குடிச்சது இனிப்பு விஸ்கி. அது பிடிச்சிருந்தா தாராளமா குடிங்க, தப்பே இல்ல.

கடையில அங்கோஸ்டுரா, பேஷோட்ஸ், ஆரஞ்சு பிட்டர்ஸ்னு வரிசையா இருக்கு. எல்லாமே குட்டி பாட்டில், விலை மட்டும் குட்டியா இல்ல. ஒண்ணுதான் வாங்க முடியும்னா எது? – வாசகி, சிங்கப்பூர்

அங்கோஸ்டுரா. மஞ்சள் மூடி, பாட்டில் கழுத்தைத் தாண்டி நிக்கிற பெரிய காகித லேபிள், தூரத்துல இருந்தே தெரியும். விஸ்கியில வேலை செய்ற காரமான, கருப்பான, ஆழமான வாசம் அதுலதான் இருக்கு. ஓல்ட் ஃபேஷன்ட், மன்ஹாட்டன், ராப் ராய்ங்கிற மூணு விஸ்கி காக்டெயிலுக்கும் அந்த ஒரு பாட்டிலே போதும்.

பேரை வச்சு ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும், அங்கோஸ்டுரான்னு ஒரு மரப்பட்டை இருக்கு, அதைப் போட்டு செஞ்சதுன்னு நினைச்சுக்குவாங்க. அது இதுல கிடையாது. அங்கோஸ்டுரா வெனிசுவேலாவுல ஓரினோகோ ஆத்தங்கரையில இருக்கிற ஊர், இப்ப அதுக்கு சியுடாட் பொலிவார்னு பேரு. யோஹான் சீகர்ட்னு ஒரு ஜெர்மன் டாக்டர், தென் அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் சிமோன் பொலிவாரோட படைக்கு வைத்தியம் பார்த்தவர், சிப்பாய்களோட வயித்துக் கோளாறுக்குன்னு 1824-ல இதைத் தயார் பண்ணினார். 1870-கள்ல அவரோட பசங்க தொழிலை டிரினிடாடுக்கு மாத்திட்டாங்க, இன்னிக்கும் அங்கதான் தயாராகுது. கசப்பு வர்றது ஜென்ஷியன்ங்கிற செடியோட வேர்ல இருந்து, மத்த பொருள் எல்லாம் ரகசியம்.

பேஷோட்ஸ் கதை நியூ ஆர்லியன்ஸ்ல. ஆண்ட்வான் அமெதே பேஷோட்னு ஒரு மருந்துக்கடைக்காரர், பூர்வீகம் இன்னிக்கு ஹைட்டின்னு சொல்ற தீவுப்பக்கம், 1830-கள்ல அவர் கடையில போட்டது. நல்ல சிவப்பு, அங்கோஸ்டுராவை விட லேசு, சோம்பு வாசம் முன்னாடி நிக்கும். சாசராக்ங்கிற காக்டெயில் போடப் போறீங்கன்னா மட்டும் இதுக்கு மாத்து கிடையாது. ரைங்கிற தானியத்துல செஞ்ச ரை விஸ்கி, சர்க்கரை, பேஷோட்ஸ் மூணு டாஷ், இதை ஒரு கிளாஸ்ல ஐஸ் போட்டு கலக்கி, அப்சிந்த்ங்கிற வீரியமான மூலிகை மது கொஞ்சம் ஊத்தி உள்பக்கம் முழுக்க ஓட விட்டு கொட்டின இன்னொரு குளிர்ந்த கிளாஸ்ல வடிகட்டி, மேல எலுமிச்சைத் தோலைப் பிழியணும். அப்சிந்த்லயும் சோம்பு, பிட்டர்ஸ்லயும் சோம்பு, ரெண்டும் சேரும்போது வர்ற அந்த வாசத்துக்காகவே ரெண்டாவது பாட்டில் வாங்கலாம். ஆனா அது ரெண்டாவதுதான். ஆரஞ்சு பிட்டர்ஸ் மூணாவது.

சாக்லேட், வால்நட், செர்ரின்னு ஏகப்பட்டது இப்ப வந்திருக்கு. முதல் பாட்டில் பாதி காலியாகுற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்கன்னு அன்பா கேட்டுக்கறேன். ஆசைப்பட்டு ஒரே நாள்ல ஆறு பாட்டில் வாங்கிட்டு, எதுக்கு எதுன்னு தெரியாம ஒவ்வொண்ணுலயும் ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு அலமாரியில தூசி படிய விட்டவங்களை நிறைய பார்த்துட்டேன், மனசு கஷ்டமா இருக்கும்.

ஒரு டாஷ்னா எவ்வளவு? சொட்டா, ஸ்பூனா? – வாசகர், டொராண்டோ

பாட்டில் வாய்ல சின்ன துளை வச்ச பிளாஸ்டிக் மூடி ஒண்ணு உள்ள இருக்கும், அதைப் பிடுங்கிடாதீங்க. பாட்டிலை முழுசா தலைகீழா கவுத்து, மணிக்கட்டை ஒரே ஒரு உதறு உதறினா விழுறதுதான் ஒரு டாஷ், கிட்டத்தட்ட 0.8-ல இருந்து 1 மி.லி. வரைக்கும். நிறைய பேர் பயந்துகிட்டு பாட்டிலை சாய்ச்சாப்ல பிடிச்சு மெதுவா தட்டுவாங்க, அப்ப ரெண்டு மூணு சொட்டுதான் விழும், அதை ரெண்டு டாஷ்னு கணக்கு வச்சுட்டு "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே"ம்பாங்க. புது பாட்டில் நிரம்ப இருக்கும்போது டாஷ் சின்னதா விழும், உள்ள காத்துக்கு இடம் இல்ல. பாட்டில் குறையக் குறைய பெருசாகும். அதனால கடைசி கால் பாட்டில் வந்ததும் கையைக் கொஞ்சம் அடக்கணும், நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இது தெரியாம ஒரு சாயங்காலம் முழுக்க மன்ஹாட்டன் எல்லாம் மருந்து மாதிரி போய் பாதி கிளாஸ் அப்படியே திரும்பி வந்துச்சு, அன்னிக்கு கத்துக்கிட்டது. சில கம்பெனி பாட்டில்ல டிராப்பர் இருக்கும், அதுல ஒரு சொட்டுங்கிறது டாஷ் ஆகாது, பத்து சொட்டுக்கு மேலயே வேணும்.

வெள்ளை சட்டையில, மர மேசையில விழுந்தா கறை போகாது. கிளாஸ்ல முதல்ல பிட்டர்ஸ், அப்புறமா விஸ்கி ஊத்துங்க. கை தவறி அதிகமா விழுந்தாலும் விஸ்கி வீணாகாது.

காம்பாரியும் கசப்புதானே, அதை ரெண்டு டாஷ் போட்டா? – வாசகர், சென்னை

ஆகாது. ரெண்டும் வேற வேற சாமான். காம்பாரிங்கிறது இத்தாலியக் கசப்பு மது, அதை 30 மி.லி. அளந்து ஊத்திக் குடிக்கலாம், பிட்டர்ஸை அப்படிக் குடிக்க முடியாது, அவ்வளவு செறிவு. ரெண்டு டாஷ் காம்பாரி விஸ்கிக்குள்ள காணாமப் போயிடும். காம்பாரி ஏற்கெனவே வீட்ல இருக்குன்னா பர்பன், காம்பாரி, ஸ்வீட் வெர்மூத் (மூலிகை சேர்த்த இனிப்பு ஒயின்) கலந்து பூல்வார்டியேங்கிற காக்டெயில் போடுங்க, அருமையா இருக்கும்.

என் கணவருக்கு ஸ்காட்ச்தான் பிடிக்கும். அதுலயும் புகை வாசம் அடிக்கிற வகை. அதுக்கு எந்த பிட்டர்ஸ்? – வாசகி, மெல்போர்ன்

ஐலாங்கிற ஸ்காட்லாந்துத் தீவுல இருந்து வர்ற நல்ல புகை அடிக்கிற மால்ட் விஸ்கின்னா அங்கோஸ்டுரா ஒரு டாஷுக்கு மேல வேணாங்க, புகையும் கிராம்பும் ஒண்ணையொண்ணு முட்டிக்கும். ஆரஞ்சு பிட்டர்ஸ் இங்கதான் பிரமாதமா வேலை செய்யும், அந்தத் தோல் வாசம் புகைக்கு மேல தனியா மிதக்கும். சர்க்கரைக்கு பதிலா கொஞ்சம் தேன் தண்ணியில கரைச்சு போட்டுப் பாருங்க. புகை இல்லாத சாதாரண பிளெண்டட் ஸ்காட்ச்ல ராப் ராய் போடலாம்: ஸ்காட்ச் 60, ஸ்வீட் வெர்மூத் 30, அங்கோஸ்டுரா ரெண்டு டாஷ். இதே அளவுல ஸ்காட்ச்சுக்கு பதிலா ரை போட்டா மன்ஹாட்டன். பர்பன்ல சோளம் அதிகம், இயல்பாவே இனிப்பு, அதனால அது பிட்டர்ஸை நல்லா தாங்கும், மூணு டாஷ் வரைக்கும் போகலாம். ரையில ஏற்கெனவே ஒரு காரம் இருக்கு, ரெண்டோட நிறுத்திக்குங்க.

அஞ்சு வருஷமா அலமாரியில இருக்கிற பாட்டில், பிரிட்ஜ்லயும் வைக்கல. கெட்டுப் போயிருக்குமா? – வாசகர், மதுரை

அங்கோஸ்டுராவுல ஆல்கஹால் 44.7 சதவீதம். கெடாது. வாசம் கொஞ்சம் மங்கியிருக்கலாம், உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சு மோந்து பாருங்க, வாசம் தூக்கலா வந்தா பயன்படுத்துங்க.

வீட்லயே செய்யலாம்னு இருக்கேன். சின்கோனா பட்டை ஆன்லைன்ல கிடைக்குது, கசப்புக்கு வசம்பும் சேர்க்கலாமான்னு யோசனை. – வாசகர், நியூ ஜெர்சி

தயவுசெஞ்சு இந்த ரெண்டையும் விட்டுடுங்க. சின்கோனாவுல இருக்கிறது குயினைன், மலேரியா மருந்து. வீட்ல ஊற வைக்கும்போது எவ்வளவு இறங்கியிருக்குன்னு உங்களால அளக்கவே முடியாது, அதிகமானா காதுக்குள்ள இரைச்சல், தலைவலி, பார்வை மங்கல் வரைக்கும் போகும். வசம்பு நம்ம வீடுகள்ல பழகின பொருள்தான், அதனாலயே பயம் வராது, ஆனா நீங்க இருக்கிற அமெரிக்காவுல 1968-ல இருந்தே அதை உணவுல சேர்க்க தடை. பிட்டர்ஸ் செய்முறைன்னு சுத்துற எல்லாத்தையும் நம்பாதீங்க.

ஜென்ஷியன் வேர் நல்ல கடையில வாங்குங்க, அது ஒண்ணே கசப்புக்குப் போதும், அரை டீஸ்பூனே அவ்வளவு வேலை செய்யும். 250 மி.லி. வீரியமான வோட்கா இல்ல ரை, காய்ஞ்ச ஆரஞ்சு தோல், ரெண்டு ஏலக்காய் நசுக்கி, பட்டை சின்னத் துண்டு, கிராம்பு மூணு. முக்கியமான விஷயம், எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல போடாதீங்க. ஜென்ஷியன் தனியா, மசாலா தனியா, தோல் தனியா மூணு சின்ன பாட்டில்ல ஊற வச்சு தினமும் குலுக்கி, தண்ணியில ஒரு சொட்டு விட்டு ருசி பாருங்க. கிராம்பு ரெண்டு மூணு நாள்லயே போதும்னு சொல்லிடும், தோலுக்கு ஒரு வாரத்துக்கு மேல வேணும். வடிகட்டின பிறகு உங்க நாக்குக்கு ஏத்த மாதிரி கலந்துக்கலாம். ஒரே பாட்டில்னா கிராம்பு மத்த எல்லாத்தையும் தின்னுடும், அப்புறம் திருப்பி எடுக்க வழியே இல்ல.

நான் மாசமா இருக்கேன். எல்லாரும் குடிக்கும்போது எனக்கு சோடாவுல பிட்டர்ஸ் விட்டு குடுக்கறாங்க, அது ஆல்கஹால் இல்லைன்னு சொல்றாங்க. உண்மையா? – வாசகி, ஊர் குறிப்பிடவில்லை

உண்மை இல்லம்மா. மேலயே சொன்னேன், 44.7 சதவீதம், விஸ்கியை விடவே கொஞ்சம் அதிகம். 200 மி.லி. சோடாவுல மூணு டாஷ் விட்டா மொத்தத்துல கிட்டத்தட்ட அரை சதவீதம் வரும். மத்தவங்களுக்கு அது சின்ன விஷயம், உங்களுக்கு வேணாம். குடியை விட்டவங்களுக்கும், மதத்தால தொடாதவங்களுக்கும் இதையேதான் சொல்வேன், கேக்காம யார் கிளாஸ்லயும் விடக் கூடாது. இஞ்சி, எலுமிச்சை, ரெண்டு கிராம்பு தட்டிப் போட்டு கொதிக்க வச்சு ஆற விட்டு சோடா சேர்த்துக்குங்க. உங்க உடம்பைப் பார்த்துக்குங்க.

விஸ்கி சவர் மேல நுரையில கோலம் மாதிரி போட்டுத் தர்றாங்களே, அது அழகுக்கு மட்டும்தானா? – வாசகர், பாரிஸ்

மூக்குக்குங்க. அந்த நுரை முட்டை வெள்ளைக்கரு, கொஞ்ச நேரத்துல ஒரு ஈர வாடை வரும், குடிக்கும்போது மூக்கு நேரா அதுக்கு மேலதான் இருக்கு. அதனாலதான் பிட்டர்ஸை கலவைக்குள்ள போடாம மேல விடறாங்க. பர்பன் 60, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20, ஒரு வெள்ளைக்கரு. முதல்ல ஐஸ் இல்லாம பதினஞ்சு செகண்ட் நல்லா குலுக்கி, பிறகு ஐஸ் போட்டு இன்னொரு தடவை குலுக்கி வடிங்க. உடனே சொட்டு விடாதீங்க, ஒரு அரை நிமிஷம் நுரை இறுகட்டும், இல்லைன்னா சொட்டு அடியில இறங்கிடும். அப்புறம் அங்கோஸ்டுரா நாலு சொட்டு, டாஷ் இல்ல சொட்டு, வரிசையா விட்டு ஒரு பல்குச்சியை நடுவுல வச்சு ஒரே இழுப்பா இழுங்க, நாலும் இலை மாதிரி கோத்துக்கிட்டு வரும்.