விட்டுக்கொடுத்தது யார்? – கடிதம்

வணக்கம் சார்,

நீங்கள் சிபாரிசு செய்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் முடிந்த பிறகு ஒரு உறுத்தல். சிகாகோவில் ஒரு கிரேக்கக் குடும்பத்துப் பெண் டூலா. அவளைக் கட்டிக்கொள்வதற்காக, கிரேக்கன் அல்லாத இயான் மில்லர் அவள் குடும்பத்தின் திருச்சபையில் ஞானஸ்நானமே எடுக்கிறான். அவள் அப்பா கஸ் எதை விட்டுக்கொடுத்தார்? நம் ஊரில் “எங்கள் பக்கம் மாறி வா” என்றால் சிரிப்போமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் உறுத்தல் நியாயமானது. டூலாவுக்கே அது இருக்கிறது. காற்றடித்த தொட்டித் தண்ணீரில் இயானை முக்கி எடுக்கும்போது, ‘இவளுக்காக இவ்வளவு பாடு தேவையா’ என்று எந்த நிமிஷமும் இவன் நினைத்துவிடுவானோ என்று அவள் பயந்துகொண்டு நிற்கிறாள். எழுதி நடித்த நியா வார்டலோஸுக்கு இது கற்பனை இல்லை. கனடாவின் வின்னிபெக்கில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்போதைய கணவர் இயான் கோமஸும் அப்படி ஞானஸ்நானம் எடுத்தவர்தான். முதலில் தனியாளாக மேடையில் சொன்ன கதை, 2002இல் படமானது. சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 36 கோடி டாலருக்கு மேல் வசூல்.

நம் ஊரில் இதே கதையில் அரிவாள் வந்துவிடுகிறது. அதை மறந்துவிட்டு இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. கஸ் கத்துவார், அழுவார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் மகள்மேல் கை வைக்க மாட்டார் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த நிச்சயம் இருப்பதால்தான் சிரிக்கிறோம்.

இப்போது அந்த கேக்கைப் பாருங்கள். சம்பந்திகள் அறிமுகத்துக்கு இயானின் அம்மா ஒரு பண்ட் கேக் கொண்டுவருகிறார், நடுவில் ஓட்டை உள்ள வகை. டூலாவின் அம்மா மரியாவுக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. இது என்ன, கேக்கில் ஓட்டை? சரி, வாங்கி உள்ளே கொண்டுபோகிறார். அப்புறம் அதன் நடுவில் ஒரு பூந்தொட்டியைச் செருகி, பெருமையோடு தூக்கிக்கொண்டு வருகிறார். வந்த விருந்தாளியின் கேக்கில் இருந்த குறையை யாரும் கவனிக்காதபடி சரிசெய்துவிட்ட திருப்தி அந்த முகத்தில்! அதில் துளிக்கூட அலட்சியம் கிடையாது. அந்தக் குடும்பத்துக்குப் பாசம் காட்டத் தெரிந்த வழியே அதுதான்: எதிரில் இருப்பதைத் தன்னுடையதாக மாற்றிக்கொள்வது. நெருக்கியடிக்கிற பாசம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கல்யாண விருந்தில் கஸ் பேசும் பேச்சில் இருக்கிறது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதற்கு கிரேக்க வேர் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். ஜப்பானியரின் கிமோனோவைக்கூட விடுவதில்லை. அதே மனிதர் முந்தின இரவு ‘மில்லர்’ என்ற பெயரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ‘மீலோ’ என்றால் கிரேக்கத்தில் ஆப்பிள். தங்கள் குடும்பப் பெயரான போர்ட்டோகலோஸ் வந்தது ‘போர்ட்டோகாலி’யிலிருந்து, அதாவது ஆரஞ்சு. ஆக, இரண்டு வீட்டாரும் பழம்தான்.

மில்லர் என்பது மாவு அரைப்பவர் என்ற ஆங்கிலச் சொல். கஸ் சொன்னது தப்பு. எனக்கு அந்தத் தப்புதான் முக்கியம். மனிதர் பெரிய சொத்தாக நினைத்தது அவர் மொழியை. அதில் அந்நியப் பையனுக்கு இடம் தேடி ஒரு ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார். அது விட்டுக்கொடுத்தல் இல்லையா? போர்ட்டோகாலி என்பதே போர்ச்சுகல் நாட்டின் பெயரிலிருந்து வந்ததுதான். ‘ஆரஞ்சு’ என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போனால் அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் தாண்டி நம் நாரத்தைப் பக்கம் வந்து நிற்கிறது என்று மொழியறிஞர் பலர் சொல்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து கஸ்ஸை என்னால் வேற்று மனிதராகப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசிக் காட்சியில் டூலா தன் மகளையும், தான் வேண்டாவெறுப்பாகப் போன அதே கிரேக்கப் பள்ளிக்குத்தான் அனுப்புகிறாள். குழந்தை சிணுங்குகிறது. போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் நீ யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள்.