கணினி வினா–விடை: கடவுச்சொல்லைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதிய காலத்தில், நகரத்திலுள்ள ஒரு கொமியுனிகேஷன் கடையில் எனக்கு ஜிமெயில் முகவரி ஒன்றை ஆரம்பித்துக் கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதித் தந்தார்கள். அந்தத் தாள் தொலைந்துவிட்டது. இப்போது உயர்தரம் முடித்து, பயிற்சிநெறி ஒன்றுக்கு அதே முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்திருக்கிறேன். உள்ளே செல்ல முயன்றால், எனக்குத் தெரியாத ஒரு தொலைபேசி இலக்கத்துக்குக் குறியீடு அனுப்புவதாகச் சொல்கிறது. யாரிடம் உதவி கேட்பது?
— மாணவி, பொகவந்தலாவை

பதில்: அந்த இலக்கம் பெரும்பாலும் கடைக்காரருடையதாக, அல்லது அன்று அங்கே வேலை பார்த்தவருடையதாக இருக்கும். திரையில் அதன் கடைசி எண்கள் தெரியும். கடையின் பெயர்ப்பலகையிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால், கூட்டமில்லாத ஒரு காலை வேளையில் உங்கள் தொலைபேசியோடு நேரில் செல்லுங்கள். கணக்கு மீட்புப் பக்கத்தை உங்கள் தொலைபேசியிலேயே திறந்து, கடைக்காரருக்கு வரும் குறியீட்டை அவர் வாசிக்க, நீங்களே இடுங்கள். உள்ளே சென்றதும், கடையை விட்டு எழுவதற்கு முன்பே, கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு இலக்கமாக உங்கள் இலக்கத்தைப் பதிந்து, பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்பதைத் திறந்து, உங்களுக்குச் சொந்தமில்லாத எல்லாக் கணினிகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

அந்த இலக்கம் பாவனையில் இல்லையென்றால் வேலை கடினமாகும். வழக்கமாக எந்தச் சாதனத்திலிருந்தும் எந்த இடத்திலிருந்தும் கணக்கைத் திறந்தீர்கள் என்பதைக் கூகுள் கருத்திற்கொள்வதால், அந்த மின்னஞ்சல் முன்பு திறந்திருந்த பழைய தொலைபேசி வீட்டு அலமாரியில் கிடந்தால் அதைத் தேடி எடுத்து, வீட்டிலிருந்தபடியே முயல்வது நல்லது. கடைசியாக நினைவிலுள்ள கடவுச்சொல்லைக் கேட்டால், சரியா பிழையா என்ற ஐயம் இருந்தாலும் எழுதுங்கள். பணம் கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருவோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் செய்வோரிடம் மட்டும் போகாதீர்கள். கடவுச்சொல் உதவிக்கென்று கூகுள் எந்த வெளியாளோடும் சேர்ந்து இயங்குவதில்லை.

இதற்கிடையில், விண்ணப்பித்த நிறுவனத்துக்கு விண்ணப்ப இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் குறிப்பிட்டு, மின்னஞ்சல் முகவரியை மாற்றித் தருமாறு இன்றே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். கணக்கு மீளும்வரை காத்திருந்தால் நேர்முகத் தேர்வுத் திகதி கடந்துவிடக்கூடும்.

கடைக்காரர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. முடிவுத் திகதிக்கு முதல்நாள் வாசல்வரை வரிசை நிற்கும்போது, தமது இலக்கத்தைக் கொடுத்து வேலையை முடிப்பதே அவர்களுக்கு இலகுவாகத் தெரிகிறது. ஆனால், அடையாள அட்டைப் பிரதி முதல் பரீட்சைப் பெறுபேறு வரை ஒருவருடைய ஆவணங்கள் எல்லாம் அந்த முகவரிக்குள்தான் சேர்கின்றன. படிவத்தை அவர் நிரப்பலாம். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது விசைப்பலகை உங்கள் பக்கம் திரும்ப வேண்டும். கணக்கு கைக்கு வந்த பின், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினால் கூகுள் 8 இலக்கங்கள் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகளைத் தரும். அவற்றைக் கடதாசியில் எழுதிப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். தொலைபேசி தொலைந்தாலும் அவை பயன்படும்.

கேள்வி: தவணைப் பரீட்சை வினாத்தாளைப் பாமினியில் தட்டச்சு செய்து அதிபருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் கணினியில் அழகாகத் தெரிந்தது, அவருடைய தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது. வைரஸ் பிடித்துவிட்டதா?
— ஆசிரியை, லிந்துலை

பதில்: வைரஸ் இல்லை, கோப்பும் பழுதாகவில்லை. பாமினி என்பது, கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. நீங்கள் 'தமிழ்' என்று தட்டச்சு செய்யும்போது கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி நிறுவப்பட்ட கணினியில் அவை தமிழாகக் காட்சியளிக்கும். அதிபரின் தொலைபேசியில் பாமினி இல்லாததால், உள்ளபடியே ஆங்கிலமாகத் தெரிகின்றன. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருப்பதால், எந்தத் தொலைபேசியிலும் அது தமிழாகவே திறக்கும்.

இப்போதைய அவசரத்துக்கு, வேர்டில் கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள். எழுத்துரு அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் வாசிக்கவும் அச்சிடவும் தடையில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பழைய ஆங்கிலமே வந்து நிற்கும்.

நிரந்தரத் தீர்வு யுனிகோட்டுக்கு மாறுவதே. பாமினியில் பழகிய விரல்களுக்கு இது மலையேற்றமாகத் தோன்றும் என்பதை அறிவேன். உண்மையில் விரல்கள் எதையும் புதிதாகக் கற்கத் தேவையில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசை ஒழுங்கையே தெரிவு செய்துகொண்டு யுனிகோட்டில் எழுதலாம். கையிலிருக்கும் பழைய கோப்புகளை மாற்ற, பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பின் ஒருமுறை வரிக்கு வரி வாசித்தே ஆகவேண்டும். ஏனெனில் வினாத்தாளின் நடுவே ஆங்கிலச் சொற்களோ கணிதக் குறியீடுகளோ இருந்தால் மாற்றி அவற்றையும் பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். கிரந்த எழுத்துகளையும் ஒருமுறை சரிபாருங்கள். இன்னும் நடைபெறாத பரீட்சையின் வினாத்தாளை முகம் தெரியாத ஓர் இணையப் பக்கத்தில் ஒட்டுவது முறையல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன். பரீட்சை முடிந்தபின் மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 உள்ள என் மடிக்கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. திருத்துபவர் 'போர்மட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வாங்குங்கள்' என்கிறார். என்ன செய்வது?
— வாசகர், பண்டாரவளை

பதில்: மெதுவாகிறது என்றதும் போர்மட் செய்வது, அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவது, பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. அதனால் சில வாரங்களுக்கு வேகம் கூடியதுபோல் தெரியும். காரணம் அப்படியே இருந்தால் பழைய நிலை திரும்பிவிடும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மெனேஜரில், சும்மா இருக்கும் வேளையிலும் டிஸ்க் என்ற நிரல் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்று, உங்கள் கணினியில் இருப்பது சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்காகவும் இருந்தால், அதற்குப் பதிலாக, சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி பொருத்துவதே பயனுள்ள செலவு. கணினியின் தற்காலிக நினைவகமான ரெம் 4 ஜிபி மட்டும் என்றால் அதையும் 8 ஆக்கலாமா என்று கேளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு தேவைப்படுவதால், பழைய கணினிகள் பலவற்றில் அது முறைப்படி ஏறாது. உங்களுடையதில் ஏறாவிட்டால், கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் மட்டும் கணினியைப் பாவிப்பவருக்கு விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போதுமானது. புதிது வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எதைச் செய்வதானாலும், கடைக்குக் கொடுக்கும் முன் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள். படங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் கூட, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் தனியாக நிறுவிய தமிழ் எழுத்துருக்களையும் மறந்துவிடுகிறார்கள். புதிய டிஸ்க் போட்டால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் குடும்பப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. அதைக் கடையில் விட்டுவர வேண்டிய காரணம் எதுவுமில்லை.

கேள்வி: குவைத்தில் வேலை செய்யும் தங்கையின் இலக்கத்திலிருந்து, 'தவறுதலாக உங்களுக்கு ஆறு எண்கள் வந்திருக்கும், அனுப்புங்கள்' என்று வட்ஸ்அப் செய்தி வந்தது. அனுப்பினேன். உடனே என் வட்ஸ்அப் நின்றுவிட்டது. இப்போது என் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்கிறார்களாம்.
— இல்லத்தரசி, தலவாக்கலை

பதில்: முதலில் உறவினர்களுக்குச் சாதாரண அழைப்பில் சொல்லுங்கள்; தோட்டத்துக் குழுக்களில் வேறொருவரின் தொலைபேசியிலிருந்து அறிவியுங்கள். தங்கையையும் அழையுங்கள், ஏனெனில் அவருடைய கணக்கு உங்களுக்கு முன்பே பறிபோயிருக்கிறது. யாராவது பணம் அனுப்பியிருந்தால், அவர் தமது வங்கியை உடனே அழைக்க வேண்டும்.

பிறகு உங்கள் தொலைபேசியில் வட்ஸ்அப்பைத் திறந்து, உங்கள் இலக்கத்தை மீண்டும் பதிவு செய்யுங்கள். சிம் உங்களிடம் இருப்பதால் புதிய ஆறு எண்கள் உங்களுக்கே வரும். அவற்றை இட்டவுடன் திருடியவர் வெளியேற்றப்படுவார். அதற்குமேல் 'பின்' எனப்படும் இன்னொரு இரகசிய இலக்கத்தைக் கேட்டால், அதைத் திருடியவர் வைத்திருக்கிறார் என்று பொருள். அது தெரியாமல் உள்ளே செல்ல 7 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த நாட்களில் அவரும் உங்கள் கணக்கைப் பாவிக்க முடியாது. பழைய உரையாடல்கள் உங்கள் தொலைபேசியிலேயே சேமிக்கப்படுவதால், வேறொரு தொலைபேசியில் கணக்கைத் திறந்தவருக்கு அவை தெரிவதில்லை. கணக்கு மீண்டதும், அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி உங்களுக்கென்று ஒரு 'பின்' இலக்கம் வையுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும் பாருங்கள்.

இத்தகைய விடயங்களில் ஆலோசனை பெற கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் தேசிய அமைப்பான ஸ்ரீ லங்கா சேர்ட்டை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நடைமுறையில் இருப்பதால், பணம் போயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யத் தயங்க வேண்டாம். பணம் கேட்டு வந்த செய்திகளின் படங்களை உறவினர்கள் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

கேள்வி: எங்கள் லயன் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. முற்றத்தில் நல்ல வேகம். என்ன காரணம்?
— வாசகர், இராகலை

பதில்: தகரக் கூரையே முக்கிய காரணம், உலோகத் தகடு வானொலி அலைகளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலோரத்தில் 4ஜி ரவுட்டரையோ, ஹொட்ஸ்பொட் இயக்கிய ஒரு தொலைபேசியையோ வையுங்கள். அங்கிருந்து வைஃபை வீட்டுக்குள் வரும். புதிய பெக்கேஜ் வாங்கிப் பயனில்லை.

கேள்வி: கணினியில் ஏதாவது கோளாறு என்றால் கொழும்பிலுள்ள மகளை அழைக்கிறேன். 'வேலை செய்யவில்லை' என்று நான் சொன்னதும் அவளுக்குக் கோபம் வருகிறது. எப்படித்தான் சொல்வது?
— ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஹப்புத்தளை

பதில்: மகளின் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 'வேலை செய்யவில்லை' என்பதை வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லையா, இணையம் இல்லையா, அச்சுப்பொறியில் கடதாசி சிக்கியதா என்று அவர் ஊகிக்க முடியாது. என்ன செய்ய முயன்றீர்கள், எந்த இடத்தில் நின்றது, அப்போது திரையில் என்ன எழுத்துகள் வந்தன என்று சொல்லுங்கள். அந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் அப்படியே எழுதிவையுங்கள், அல்லது தொலைபேசியால் படமெடுத்து அனுப்புங்கள். முந்திய நாள்வரை சரியாக இயங்கியிருந்தால், இடையில் என்ன மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பல ஆண்டுகள் அலுவலகத்தில் குறிப்பெழுதிப் பழகியவர். இது உங்களுக்கு மகளைவிட நன்றாகவே வரும்.

எனிடெஸ்க் போன்ற மென்பொருளால் மகள் அங்கிருந்தே உங்கள் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் அதிலுள்ள இலக்கத்தை நீங்களாக மகளை அழைத்த அழைப்பில் மட்டுமே சொல்லுங்கள். வங்கியிலிருந்தோ மைக்ரோசொப்டிலிருந்தோ பேசுவதாகக் கூறி எவராவது அதை நிறுவச் சொன்னால், மறுபேச்சின்றி அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கேள்வி: மின்செருகியைக் கழற்றி வைத்திருந்தும் இடிமழையில் எங்கள் ரவுட்டர் எரிந்துவிட்டது. எப்படி?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: தொலைபேசிக் கம்பி வழியாக வந்திருக்கும். வெளியே கம்பத்திலிருந்து வரும் செப்புக் கம்பி, மின்னலின் அதிர்வை நேராக ரவுட்டருக்குள் கொண்டுவரும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், அங்கேயும் மின்செருகி வழியாக ஆபத்து உண்டு. மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம் என்பதால், அந்த நாட்களில் மதியத்துக்குப் பின் மின்செருகி, தொலைபேசிக் கம்பி, கணினிக்குச் செல்லும் நெட்வேர்க் வயர் ஆகிய மூன்றையும் கழற்றிவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொடப் போகாதீர்கள். ரவுட்டரை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம்.