முதுகு ஊசிக்கு மலிவு மருந்து வாங்கலாமா?

கேள்வி: என் 6 வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மெத்தோட்ரெக்சேட் மருந்தை முதுகில் ஊசியாகப் போடவேண்டும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று மாமியார் அழுகிறார். அதே மருந்தைப் பாதி விலைக்கு வாங்கித் தருவதாக ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: ஊசிக்குச் சம்மதியுங்கள், அம்மா. வாசலில் நிற்பவரிடம் வாங்காதீர்கள்.

நரம்பில் ஏற்றும் மருந்து மூளைக்குள் போதிய அளவு போய்ச் சேராது. நோயணுக்கள் அங்கே பதுங்கிக்கொள்ளும். அதனால்தான் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரிலேயே மருந்தைச் சேர்க்கிறோம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, இடுப்புப் பக்கமாகத்தான் ஊசி இறங்கும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். ஓரிரு நாள் தலைவலி, வாந்தி இருக்கலாம். அபூர்வமாக, இரண்டு வாரத்துக்குள் வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி வரும். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிவாருங்கள்.

இனி அந்தப் பாதி விலை. மெத்தோட்ரெக்சேட் குப்பிகளில் சிலவற்றில் கெடாமலிருக்க பென்சைல் ஆல்கஹால் போன்ற பிரிசர்வேட்டிவ் சேர்த்திருப்பார்கள். முதுகுக்கு அது ஆகவே ஆகாது, தண்டுவட நரம்புகளைக் கெடுக்கும். தரகருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. பிரிசர்வேட்டிவ் சேர்த்த குப்பி போலி என்று சொல்லவில்லை. மருத்துவர் எழுதினால் கை நரம்பில் ஏற்றலாம், சதையில் போடலாம். முதுகில் மட்டும் கூடாது. 'பிரிசர்வேட்டிவ் ஃப்ரீ' என்று லேபிளில் இருக்கிறதா என்று நர்ஸிடம் காட்டிக் கேளுங்கள். பில் இல்லாத குப்பி வேண்டவே வேண்டாம். உண்மையில், பெற்றவர்கள் கையில் சீட்டைக் கொடுத்து மருந்துக்கு ஓடவிடுவதே அநியாயம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அலுவலகத்தில் காட்டிச் சண்டை போடுங்கள்.

இன்னொன்று. வின்கிறிஸ்டின் என்ற மருந்தும் உங்கள் மகளுக்கு எழுதியிருப்பார்கள். அது நரம்பில் மட்டுமே போகவேண்டியது; தவறி முதுகில் போனால் அநேகமாக உயிர் தப்பாது. 2001இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 18 வயது இளைஞர் ஒருவர் அப்படித்தான் இறந்தார். முதுகு ஊசியோடு மாறிப்போகாதபடி, வின்கிறிஸ்டினை சிரிஞ்சில் எடுக்காமல் சின்ன சலைன் பையில் கலந்தே ஏற்றச் சொல்லி 2007இலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பெரிய செலவில்லாத அந்தப் பையைக்கூட வாங்கிவைக்க இன்னும் எத்தனை சுற்றறிக்கை வேண்டுமோ! முதுகு ஊசி போடும் அறைக்குள் வின்கிறிஸ்டின் வரவே கூடாது. முடிந்தால் வேறு நாளில் போடச் சொல்லுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று பார்க்காதீர்கள்.