பைத்தானில் டேட்டா அலச பாண்டாஸ் லைப்ரரி இருக்கும்போது, எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) துண்டுகளைக் கோத்து ஒரு சின்ன டேட்டா அனாலிசிஸ் லைப்ரரி எழுதுவது வீண் வேலையா?

வீண் இல்லை. நானே ஒன்று எழுதித் தினமும் பயன்படுத்துகிறேன், பைத்தானில் இருநூறு வரிகூட வராது. ஆனால் முதல் தடவை சொதப்பினேன்.

வேர் (WHERE, வரிகளை வடிகட்டும் நிபந்தனை) ஒரு துண்டு, ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்ப்பது) ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டு ஸ்ட்ரிங்காக ஒட்டினேன். ஏற்கெனவே வேர் இருந்தால் அடுத்தது ஆண்ட் (AND) ஆக வேண்டும், குரூப் பை (வரிகளைக் குழுவாக்குவது) வந்துவிட்டால் ஹேவிங் (குழுக்களை வடிகட்டுவது) ஆக வேண்டும். இந்தப் பஞ்சாயத்துக்கே பாதி கோட் போனது.

இப்போது ஒவ்வொரு துண்டும் தனியாகவே ஓடக்கூடிய முழு செலக்ட் (டேட்டாவை எடுக்கும் கட்டளை). அதற்கு ஒரு பெயர், அது எந்தத் துண்டுகளை நம்பியிருக்கிறது என்ற பட்டியல், அவ்வளவுதான். லைப்ரரி அவற்றை வரிசைப்படுத்தி, ஒரே வித் (WITH) பகுதியில் சிடிஇ-களாக, அதாவது பெயர் வைத்த தற்காலிக செலக்ட்களாக, அடுக்கும். வரிசைப்படுத்த பைத்தான் 3.9-இலிருந்து கிராஃப்லிப் (graphlib) என்ற மாட்யூல் கூடவே வருகிறது.

அப்புறம், என்னை உண்மையில் கடித்தது ஜாயின். ஒரு கடையின் பில் கணக்கு: 500 ரூபாய் பில்லில் மூன்று பொருள். பில் துண்டோடு பொருள் துண்டைச் சேர்த்து, பில் தொகையைக் கூட்டினால் 1500 வரும். எர்ரர் எதுவும் வராது, எண் மட்டும் தப்பு. துண்டுகள் வேறு வேறு ஃபைலில் இருப்பதால் கண்ணிலும் படாது. அதனால் ஒவ்வொரு துண்டும் 'எதற்கு ஒரு வரி' என்று சொல்லியாக வேண்டும்: பில்லுக்கு ஒன்றா, பொருளுக்கு ஒன்றா? டெஸ்ட் ஓடும்போது மொத்த வரிகளும் அந்தக் கீயின் (பில் எண் போன்ற அடையாளத்தின்) டிஸ்டிங்க்ட் எண்ணிக்கையும், அதாவது வேறு வேறு மதிப்புகளின் எண்ணிக்கையும், ஒத்துப்போகிறதா என்று லைப்ரரி பார்க்கும். இந்த ஒரு சோதனைக்காகவே லைப்ரரி எழுதலாம் என்பேன்.

தேதி, தொகை போன்ற மதிப்புகளை எஸ்க்யூஎல் ஸ்ட்ரிங்கில் ஒட்டாமல், தனியாக பேராமீட்டராகவே அனுப்புங்கள். டேபிள், காலம் (column) பெயர்களை அப்படி அனுப்ப முடியாது, அவற்றுக்கு அனுமதித்த பெயர்களின் பட்டியல் வைத்துச் சரிபாருங்கள்.

எஸ்க்யூலைட்டில் 3.8.3 முதலும் மைஎஸ்க்யூஎல்லில் 8.0 முதலும் வித் உண்டு. போஸ்ட்கிரெஸ் 12-க்கு முந்தையது என்றால் கவனம்: சிடிஇ-யைத் தனியாக முழுசாகக் கணக்கிட்டு வைத்துவிடும், வெளியே போட்ட ஃபில்டர் உள்ளே இறங்காது. சிஎஸ்வி, பார்க்கே ஃபைல்கள்தான் கையில் இருக்கின்றன என்றால் டக்டிபி என்ற டேட்டாபேஸ், அது அவற்றை நேராகவே படிக்கும்.

பிவட், சார்ட் எல்லாம் பாண்டாஸிடமே விட்டுவிட்டேன். ஃபில்டர், சோர்ட் (sort) என்று மெத்தட் எழுதும் ஆசை வரும். எழுதினால் அரைகுறை ஓஆர்எம் (எஸ்க்யூஎல்லை மறைத்து டேபிள்களை ஆப்ஜெக்டாகக் காட்டும் லைப்ரரி) ஒன்றுதான் மிஞ்சும். நான் அதிகம் கூப்பிடும் ஃபங்ஷன், கோத்து முடித்த எஸ்க்யூஎல்லை அப்படியே பிரிண்ட் செய்வதுதான். எண் இடித்தால் அதை எடுத்து கன்சோலில் போட்டு, கடைசி செலக்டில் துண்டின் பெயரை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பேன்.